மலத்தில் மறைந்திருக்கும் இரத்தம்: கார்ட் டெஸ்ட் எடுப்பதிலிருந்து ஸ்கோப் வரை

காலை ஏழு மணிக்கு லேப் கதவு திறந்ததும் முதலில் வருவது சுகர் பார்க்கிற ஆட்கள். வெறும் வயிற்றோடு வந்து கையை நீட்டி, "இனித் தேத்தண்ணி குடிக்கலாமா தம்பி?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். மலம் கொண்டு வருகிறவர்கள் அப்படி வரமாட்டார்கள். கூட்டம் குறையும்வரை வெளியே மதிலோரம் நிற்பார்கள். பிறகு மெல்ல உள்ளே வந்து, இரண்டு சொப்பிங் பேக் சுற்றிய பொதியை மேசை ஓரத்தில் வைத்து, "டொக்டர் எடுத்து வரச் சொன்னாரு" என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்வார்கள். பிரித்தால் உள்ளே மார்மைட் போத்தல், யோகட் கோப்பை, ஒரு தடவை முழு பால்மா டின். நமக்குத் தேவைப்படுவது தீக்குச்சித் தலையளவு.

மட்டக்களப்புக்கும் கல்முனைக்கும் இடையில் பதினாறு வருடமாக ஆய்வுகூட வேலை பார்க்கிறேன். அந்த மேசை ஓரத்தில் நின்று சொல்ல எனக்கும் நேரம் கிடைப்பதில்லை, கேட்க அவர்களுக்கும் மனம் வருவதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருக்கிறதா என்று ஒரு சிறு கார்ட்டில் பார்த்து, குடல் புற்றுநோயை முன்கூட்டியே பிடிக்க உதவும் இந்த டெஸ்ட் மிக எளிது. பிழை நடப்பது டெஸ்டுக்கு முன்னும் பின்னும்தான், ஆகவே அந்த இரண்டு இடங்களிலும் கொஞ்சம் விரிவாகவே எழுதப் போகிறேன்.

எதைத் தேடுகிறோம்

பெருங்குடலிலும் மலக்குடலிலும் வரும் புற்றுநோய் பெரும்பாலும் ஒரு பொலிப்பில் தொடங்குகிறது. பொலிப் என்பது குடலின் உட்சுவரில் பாலுண்ணி போல முளைக்கும் சிறு வளர்ச்சி. எல்லாப் பொலிப்பும் புற்றுநோயாக மாறுவதில்லை. மாறுகிறவற்றுக்கும் பொதுவாகப் பத்து வருடம் அளவு தேவைப்படுகிறது. இத்தனை நீண்ட அவகாசம் தருகிற புற்றுநோய்கள் அதிகமில்லை.

பொலிப் பெரிதாகும்போது அதன் மேற்பரப்பு மென்மையாகிவிடும். மலம் உரசிக்கொண்டு போகையில் கொஞ்சம் இரத்தம் கசியும். கண்ணுக்குத் தெரியாத அளவு, மலத்தின் நிறம்கூட மாறாது. அந்தக் கசிவைத்தான் டெஸ்ட் தேடுகிறது. கசிவு தினமும் இருப்பதில்லை. இன்றைக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது. ஒரு தடவை செய்து "இல்லை" என்று வந்தால் ஆயுளுக்கும் போதும் என்று நினைக்கக் கூடாததற்குக் காரணம் இதுதான்.

2022இல் உலகில் ஏறத்தாழ 19 இலட்சம் பேருக்கு இந்த நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது, 9 இலட்சம் பேர் இறந்தார்கள். புற்றுநோய் மரணங்களில் நுரையீரலுக்கு அடுத்த இடம். இலங்கையிலும் ஆண் பெண் இருபாலாரிலும் முதல் ஐந்துக்குள் நிற்கிறது. குடலுக்குள்ளேயே இருக்கும்போது பிடித்தால் ஐந்து வருடம் கடந்து வாழ்கிறவர்கள் அமெரிக்கக் கணக்கில் 90 வீதம் அளவு. ஈரலுக்கோ நுரையீரலுக்கோ பரவிய பிறகு பிடித்தால் அது 15 வீதம் அளவுக்கு இறங்கிவிடுகிறது. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 46,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 1993இல் வந்தது. வருடந்தோறும் மலம் பரிசோதித்தவர்களிடையே இந்த நோயால் ஏற்பட்ட மரணம் 33 வீதம் குறைந்திருந்தது. அதுவும் பழைய, இன்றையதைவிடக் கூர்மை குறைந்த டெஸ்டை வைத்து.

நமது பக்கத்தில் இந்த நோய்க்குப் பெரிய மறைவிடம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் மூலம். படுவான்கரையில் வயல் செய்த என் பெரியப்பாவுக்கு இரண்டு வருடம் அவ்வப்போது இரத்தம் போனது. "சூடு" என்றார்கள், மோரும் வெந்தயமும் கொடுத்தார்கள். பரிசாரி கசாயம் காய்ச்சிக் கொடுத்தார். பிறகு ஒரு தனியார் கிளினிக்கில் படுக்க வைத்துப் பார்க்காமலே பூசுமருந்து எழுதிக் கொடுத்தார்கள். அவருக்கு மூலமும் இருந்தது உண்மை. மூலம் உள்ளவருக்கு மேலே ஒரு கட்டி வரக்கூடாது என்று சட்டம் ஏதும் இல்லையே. கண்டுபிடித்தபோது ஈரலில் ஐந்து இடத்தில் இருந்தது. நான் அப்போதே லேப்பில்தான் வேலை செய்துகொண்டிருந்தேன். ஒரு கார்ட் எடுத்துப் பார்க்க எனக்கும் தோன்றவில்லை.

முதல் படி: இது உங்களுக்கான டெஸ்ட்தானா?

கார்ட் டெஸ்ட் வருத்தம் எதுவும் இல்லாதவர்களுக்கானது. வயது 50 ஆகிவிட்டது, நன்றாகச் சாப்பிடுகிறீர்கள், வெளிக்குப் போவதில் குறையில்லை. அப்படியானால் உங்களுக்கானதுதான். அமெரிக்காவில் 2021இலிருந்து 45 வயதிலேயே தொடங்கச் சொல்கிறார்கள். யப்பானில் 40இலிருந்து. நான் கேட்பவர்களுக்குச் சொல்வது: 50ஐத் தாண்ட விடாதீர்கள், 45இல் தொடங்க முடிந்தால் நல்லது. 75க்கு மேல் என்றால் உடல்நிலையைப் பார்த்து வைத்தியரோடு கதைத்து முடிவு செய்வது.

கார்ட்டைத் தொடாமல் நேரே வைத்தியரிடம் போக வேண்டியவர்களும் உண்டு. மலத்தோடு இரத்தம் கண்ணால் பார்த்தவர்கள்; சில வாரமாக மலம் போகும் வழக்கம் மாறியவர்கள், அதாவது இதுவரை இல்லாத மலச்சிக்கலோ வயிற்றோட்டமோ, போய் வந்தும் முழுதாகப் போகவில்லை என்ற உணர்வோ உள்ளவர்கள்; காரணமில்லாமல் மெலிகிறவர்கள்; வயிற்றில் கட்டி தட்டுப்படுகிறவர்கள். இன்னொரு கூட்டத்தை நான் தனியாகச் சொல்ல விரும்புகிறேன். ஆண்களிலும் மாதவிடாய் நின்ற பெண்களிலும் இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை என்று ரிப்போர்ட் வந்தால், அந்த இரும்பு எங்கே போகிறது என்று தேட வேண்டும். மாத்திரை தந்து ஹீமோகுளோபினை ஏற்றிவிட்டு எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். வலப்பக்கக் குடலில் வரும் கட்டி பல சமயம் இப்படிச் சோர்வாகவும் மூச்சு வாங்கலாகவும் மட்டுமே தன்னைக் காட்டும்.

இங்கிலாந்தில் அறிகுறி உள்ளவர்களுக்கும் இந்த டெஸ்டை இப்போது செய்கிறார்களே என்று ஒரு மருத்துவ மாணவர் என்னோடு வாதிட்டார். உண்மைதான். ஆனால் அது பெரிய மெஷினில் ஒரு கிராம் மலத்துக்கு எத்தனை மைக்ரோகிராம் என்று எண்ணாகக் கணக்கிடும் டெஸ்ட். யாரை முதலில் ஸ்கோப்புக்கு, அதாவது கமராக் குழாயைக் குடலுக்குள் விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கு, அனுப்புவது என்று வைத்தியர் தீர்மானிக்க உதவுவது. கோடு தெரிகிறதா இல்லையா என்று பார்க்கும் கார்ட்டை வைத்து அறிகுறி உள்ள ஒருவர் வீட்டில் இருந்தபடி தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொள்வது வேறு விடயம்.

தாய், தகப்பன், கூடப்பிறந்தவர் யாருக்காவது குடல் புற்றுநோய் வந்திருந்தால் உங்களுக்கு ஸ்கோப்தான் பொருத்தம். வழமையாக 40 வயதில், அல்லது அவருக்குக் கண்டுபிடித்த வயதுக்குப் பத்து வருடம் முன்னதாக, இரண்டில் எது முந்துகிறதோ அப்போது. அண்ணனுக்கு 46இல் வந்ததென்றால் தம்பிக்கு 36.

இரண்டாம் படி: எந்த டெஸ்ட் என்று கேட்டு எடுங்கள்

சீட்டில் 'ஸ்டூல் ஒக்கல்ட் பிளட்' என்று மட்டும் எழுதியிருக்கும். அந்தப் பெயரில் இரண்டு வகை உண்டு.

பழையது குவாயக் டெஸ்ட். காகிதத்தில் மலத்தைத் தடவி, மேலே ஒரு திரவம் விட்டால் நீலமாகும். அது மனித இரத்தத்தைத் தேடுவதில்லை. இரத்தம் செய்யும் ஒரு இரசாயன வேலையைத் தேடுகிறது. அதே வேலையை மாட்டிறைச்சியில் உள்ள இரத்தமும் செய்யும், முள்ளங்கி போன்ற மரக்கறியும் செய்யும். அதனால் மூன்று நாள் முன்பிருந்து சாப்பாட்டுக் கட்டுப்பாடு வேண்டும். வைட்டமின் சி அதிகம் எடுத்தால் இருக்கிற இரத்தத்தையும் மறைத்துவிடும்.

புதியது ஃபிட் டெஸ்ட். மனித ஹீமோகுளோபினில் மட்டும் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருள் இதில் இருக்கிறது. கர்ப்பம் பார்க்கும் கார்ட் போன்ற தோற்றம். வேகமாகப் பார்க்கும் கார்ட் என்று இங்கே சொல்வது இதைத்தான். சம்மாந்துறைக் காக்கா ஒருவர் கந்தூரிக்கு மறுநாள் சாம்பிளோடு வந்து, "நேத்து மாட்டிறைச்சி சாப்பிட்டன், பொசிட்டிவ் வருமா?" என்று கவலைப்பட்டார். ஃபிட் கார்ட்டில் வராது. மாட்டின் ஹீமோகுளோபினை அது அடையாளம் காணாது. வெற்றிலைச் சாற்றையும் காணாது, பீட்ரூட்டையும் காணாது. இரும்பு மாத்திரையால் மலம் கறுத்திருந்தாலும் கோடு வராது.

இதில் ஒரு எல்லையும் இருக்கிறது. இரைப்பையிலிருந்து கசியும் இரத்தம் கீழே வருவதற்குள் சமிபாடு அடைந்து சிதைந்துவிடும். ஃபிட் அதைப் பெரும்பாலும் பிடிக்காது. தார் போலக் கறுத்து, ஒட்டும் தன்மையோடு, கடும் நாற்றத்தோடு மலம் போனால் கார்ட்டைத் தேடாதீர்கள், அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள்.

பெட்டியை வாங்கும்போது மூன்று விடயம் பாருங்கள். 'ஹியூமன் ஹீமோகுளோபின்' என்று அச்சடித்திருக்கிறதா? காலாவதித் திகதி என்ன? எந்த வெப்பநிலையில் வைக்கச் சொல்கிறது? பல பெட்டிகளில் 2 முதல் 30 பாகை என்று இருக்கும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் நமது ஊரில் தகரக் கூரைக் கடைக்குள் 30 பாகை எங்கே நிற்கப்போகிறது? குளிரூட்டிய பார்மசியிலோ லேப்பிலோ வாங்குவதே நல்லது. உறையின் மேல் 50 நனோகிராம், 100 நனோகிராம் என்று வேறு வேறு எண்கள் இருக்கும். ஒவ்வொரு கம்பனியும் திரவத்தை வேறு அளவில் வைப்பதால் இரண்டு பெட்டியின் எண்களை ஒப்பிட்டு எது கூர்மையானது என்று சொல்ல முடியாது. அதில் மண்டையைப் போட்டு உடைக்க வேண்டாம்.

மூன்றாம் படி: நாளைத் தெரிவு செய்தல்

மாதவிடாய் நாட்களிலும் அது முடிந்து மூன்று நாள் வரையும் வேண்டாம். மூலம் வெளிப்படையாக இரத்தம் வடிக்கிற நாட்கள், சிறுநீரில் இரத்தம் போகிற நேரம், வயிற்றுளைவு, வயிற்றோட்டம் எல்லாம் தாண்டட்டும். நோன்பு காலத்தில் சாம்பிள் எடுப்பதற்குத் தடையில்லை, வாயால் எதுவும் எடுப்பதில்லையே.

இதய வருத்தத்துக்கு அஸ்பிரின், குளோபிடொக்ரல், வார்ஃபரின் குடிக்கிறவர்கள் இந்த டெஸ்டுக்காக ஒரு நாளும் மருந்தை நிறுத்தக் கூடாது. கார்ட்டில் கோடு வந்துவிடுமோ என்று பயந்து மருந்தை விட்டு மாரடைப்பு வாங்கிக்கொள்வது எந்தக் கணக்கிலும் சேராது.

நான்காம் படி: மலம் எடுப்பது

வெட்கத்தை விட்டுவிட்டு எழுதுகிறேன், பெரும்பாலான பிழை இங்கேதான்.

பெட்டியோடு வரும் துண்டுப் பிரசுரத்தில் கமோட் படம் போட்டிருக்கும். நமது வீடுகளில் பாதிக்கு மேல் குந்தி இருக்கிற மலசலகூடம். அதில் மலம் விழுந்ததும் தண்ணீருக்குள் போய்விடும். தண்ணீரில் விழுந்ததிலிருந்து எடுத்தால் மேற்பரப்பில் உள்ள இரத்தம் கரைந்து போயிருக்கும். ஹார்பிக் போட்ட பீங்கான் என்றால் அந்த இரசாயனமும் கலந்துவிடும். ஆகவே விழுவதற்கு முன்பே பிடிக்க வேண்டும்.

முதலில் சிறுநீரைத் தனியாகக் கழித்துவிடுங்கள். பீங்கானில் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பிறகு ஒரு லஞ்ச் ஷீட்டை, அது இல்லாவிட்டால் அகலமான வாழையிலைத் துண்டை, பீங்கானின் பின்பக்க மேட்டில் கொஞ்சம் குழிவாக விரித்து வையுங்கள். தண்ணீர்த் துளைக்கு மேலே வர வேண்டாம். அதன்மேல் குந்துங்கள். கமோட் என்றால் இருக்கையைத் தூக்கி, லஞ்ச் ஷீட்டைத் தொட்டில் மாதிரித் தொங்கவிட்டு, ஓரங்களை இருக்கையால் அழுத்திப் பிடிக்கலாம். முடிந்ததும் சாம்பிள் எடுக்கும்வரை கழுவ வேண்டாம். கழுவுகிற தண்ணீர் தெறித்தால் அதுவும் கலந்துவிடும்.

இப்போது சாம்பிள் குழாய். விரல் நீளம்தான் இருக்கும். மூடியைத் திருகி இழுத்தால் அதோடு ஒரு குச்சி வரும், நுனியில் திருகாணி போன்ற பள்ளங்கள். குழாய்க்குள் உள்ள திரவத்தை ஊற்றிவிடாதீர்கள். கழுவிவிட்டுக் கொண்டுவந்தவர்கள் இருக்கிறார்கள். குச்சியின் நுனியை மலத்தின் மேற்பரப்பில் ஐந்தாறு இடங்களில் கீறி எடுங்கள்: ஒரு பக்கம், மறு பக்கம், முனை, நடு. கட்டி குடலின் ஒரு பக்கத்தில் இருந்தால் இரத்தமும் மலத்தின் ஒரு பக்கத்தில்தான் கோடாகப் படிந்திருக்கும். ஒரே இடத்தில் ஆழமாகக் குத்தி எடுத்தால் அதைத் தவறவிட்டுவிடலாம்.

பள்ளங்கள் நிரம்பினால் போதும். மேலே திரண்டு நின்றால் குழாயின் வாயில் உள்ள வளையம் மிச்சத்தை வழித்துவிடும். அப்படி வழிக்கத்தான் அந்த வளையம். அள்ளித் திணித்தால் திரவம் சேறாகி, கார்ட்டில் ஏறாமல் நின்றுவிடும். மூடியை இறுக்கி, பத்துப் பன்னிரண்டு தடவை நன்றாகக் குலுக்குங்கள். பெயர், திகதி, நேரம் எழுதுங்கள். மிச்சத்தைக் கொட்டிவிட்டு, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

லேப்புக்குக் கொடுப்பதென்றால் அன்றைக்கே கொடுங்கள். வெப்பம் ஹீமோகுளோபினைச் சிதைக்கும். இத்தாலியின் ஃபுளோரன்ஸ் பகுதியில் செய்து 2010இல் வெளியான ஆய்வில், குளிர்காலத்தைவிடக் கோடைகாலத்தில் பொசிட்டிவ் குறைவாக வந்தது. கோடையில் மக்களுக்கு நோய் குறைந்துவிடவில்லை, வெயிலில் இரத்தம் சிதைந்திருந்தது. இத்தாலிக் கோடைக்கே அந்த நிலை என்றால், மோட்டார் சைக்கிள் சீட்டுக்குக் கீழே சாம்பிளை வைத்துக்கொண்டு வாழைச்சேனைச் சந்தைக்குப் போய் மீனும் வாங்கிக்கொண்டு பதினொரு மணிக்கு வருகிறவரின் சாம்பிளை நினைத்துப் பாருங்கள். குழாயில் எடுத்தால் அதன் திரவம் ஓரளவு காப்பாற்றும். யோகட் கோப்பையில் அந்தப் பாதுகாப்பும் இல்லை. முதல்நாளே லேப்புக்கு வந்து குழாயை வாங்கிப் போங்கள்.

ஐந்தாம் படி: கார்ட்டில் விடுவது

கார்ட் உறையை முன்கூட்டியே பிரித்து வைக்காதீர்கள். வாவிக்கரைக் காற்றில் உள்ள ஈரமே அதைக் கெடுத்துவிடும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தால் வெளியே எடுத்து அறை வெப்பநிலைக்கு வரவிட்டுப் பிறகு பிரியுங்கள்.

சமதளமான மேசை. மின்விசிறிக்கு நேர் கீழே வேண்டாம். குழாயின் நுனியை உடைத்து, கார்ட்டில் உள்ள சிறு கிண்ணம் போன்ற துளைக்குள் பெட்டியில் சொல்லியிருக்கிற எண்ணிக்கைத் துளிகள், பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று, நிமிர்த்திப் பிடித்து விடுங்கள். குமிழி விழுந்தால் அதைத் துளியாக எண்ண வேண்டாம்.

கடிகாரத்தைப் பாருங்கள். வெள்ளைப் பட்டையில் இளஞ்சிவப்பு ஈரம் ஒன்று, கடற்கரை மணலில் அலை ஏறுவதுபோல மெதுவாக மேலே ஏறும். அது கடந்து போன பிறகு பின்னணி வெளுக்கும், கோடுகள் நிற்கும். ஐந்தாவது நிமிடத்தில் வாசிக்கச் சொல்லும் பெட்டிகள்தான் அதிகம். பத்து நிமிடத்துக்குப் பிறகு பார்ப்பது செல்லாது. காய்ந்த பிறகு பொய்க்கோடு தோன்றலாம். எனக்குத் தெரிந்த ஓர் இடத்தில் காலையில் விட்ட கார்ட்டை மதியம் சாப்பிட்டு வந்து பார்த்து ரிப்போர்ட் எழுதினார்கள். நான் சண்டை போட்டேன். அடுத்த வாரமும் அப்படித்தான் எழுதினார்கள்.

ஆறாம் படி: வாசிப்பது

மேலே உள்ள கோடு கட்டுப்பாட்டுக் கோடு, பக்கத்தில் 'சி' என்று இருக்கும். அது வராவிட்டால் கார்ட் செல்லாது, வேறு கார்ட்டில் செய்ய வேண்டும். அது மட்டும் வந்தால் நெகட்டிவ். அதோடு 'டி' பக்கத்திலும் கோடு வந்தால் பொசிட்டிவ். மங்கலாக இருந்தாலும் பொசிட்டிவ்தான். கோட்டின் கருமையை வைத்து நோயின் அளவை ஊகிக்க முடியாது.

ஐந்தாவது நிமிடத்தில் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். வைத்தியரிடம் காட்ட உதவும். குடும்பத்துக்குள் "அது கோடே இல்ல" என்று தொடங்கும் வழக்குக்கும் உதவும்.

ஏழாம் படி: பொசிட்டிவ் வந்தால்

போன வருடம் ஒரு மாமி, அறுபது வயதிருக்கும், ஓய்வுபெற்ற ஆசிரியை. ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார்.

"தம்பி, இன்னொருக்காச் செஞ்சு பாருங்க. கோடு வடிவா இல்லையே."

"மாமி, இன்னொருக்காச் செஞ்சு இல்லையெண்டு வந்தா என்ன செய்வீங்க?"

"வீட்ட போவன்."

"அதாலதான் செய்ய மாட்டன்."

இதைத்தான் எல்லாரும் செய்யப் பார்க்கிறார்கள். ஒரு பொசிட்டிவ், பிறகு வேறு லேப்பில் ஒரு நெகட்டிவ்; மனம் இரண்டாவதை நம்புகிறது. கசிவு விட்டுவிட்டு வருவது என்று மேலே சொன்னேன். முதல் நாள் கசிந்தது, இரண்டாம் நாள் கசியவில்லை, அவ்வளவுதான். இரண்டாவது கார்ட் முதலாவதை இரத்துச் செய்வதில்லை. பொசிட்டிவ் வந்தால் அடுத்த டெஸ்ட் கொலொனோஸ்கோப்பி, அதாவது ஸ்கோப். வேறு கார்ட் இல்லை.

பயமும் அளவோடு இருக்கட்டும். பொசிட்டிவ் வந்தவர்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. பலருக்கு மூலம், ஆசனவாய் வெடிப்பு, குடல் அழற்சி. குறிப்பிடத்தக்க பேருக்குப் பொலிப். அதை அங்கேயே அறுத்து எடுத்துவிட்டால், வரவிருந்த நோயே வராமல் போகும்.

அவசரம் எவ்வளவு? அமெரிக்காவில் 70,000 பேருக்கு மேல் வைத்துப் பார்த்து 2017இல் வெளியான ஆய்வில், பொசிட்டிவ் வந்து பத்து மாதத்துக்குப் பிறகு ஸ்கோப் செய்தவர்களிடம் புற்றுநோயும் முற்றிய நிலையும் கூடுதலாக இருந்தன. ஆகவே இரவோடிரவாகக் கொழும்புக்கு பஸ் ஏறத் தேவையில்லை. "மறுகா பாப்பம்" என்று வேளாண்மை வெட்டு, மகளின் கலியாணம், திருவிழா என ஒவ்வொன்றாகத் தள்ளுவதும் கூடாது. மாமியிடம் அதைத்தான் சொன்னேன்.

போக வேண்டிய வழி இது: ரிப்போர்ட்டோடு பக்கத்து ஆதார வைத்தியசாலைக்குப் போங்கள். களுவாஞ்சிகுடி, வாழைச்சேனை, கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், எங்கே கிட்டவோ அங்கே. ஓபீடியில் காட்டி, சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள். அங்கிருந்து தேவைக்கேற்ப மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ அம்பாறை பொது வைத்தியசாலைக்கோ அனுப்புவார்கள். அரச வைத்தியசாலையில் காசில்லை, காத்திருப்பு உண்டு. வசதியுள்ளவர்கள் கன்சல்டன்டைச் சனல் பண்ணி முதலில் கதைத்துவிட்டு, திகதியை அரச வைத்தியசாலையில் எடுப்பதும் நடக்கிறது. எப்படியானாலும் கடிதத்தில் 'ஃபிட் பொசிட்டிவ்' என்று எழுதியிருக்கட்டும். வெறும் 'வயிற்றுவலி' என்று எழுதினால் வரிசையில் பின்னால் போய்விடுவீர்கள்.

இங்கிலாந்தில் 50 வயதானவர்களுக்கு இரண்டு வருடத்துக்கொரு தடவை டெஸ்ட் பெட்டி வீட்டுக்கே தபாலில் வருகிறது. நமக்கு அப்படி எதுவும் வராது. நாமே கேட்டு வாங்கி, நாமே பின்தொடர வேண்டும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையோடு சேர்ந்து நடக்கிற ஆரோக்கிய வாழ்க்கை நிலையத்துக்கு ப்ரெஷர், சுகர் பார்க்கப் போகிறபோது, "மலம் பாக்கச் சீட்டுத் தருவீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

எட்டாம் படி: ஸ்கோப்புக்குத் தயாராவது

ஸ்கோப்பில் பாதி வேலை நோயாளியின் கையில் இருக்கிறது. குடல் சுத்தமாக இல்லாவிட்டால் பொலிப் கண்ணில் படாது. திருப்பி அனுப்பி மறுபடி திகதி தருவார்கள், மறுபடி மாதங்கள் போகும்.

இரண்டு மூன்று நாள் முன்பிருந்து நார் குறைந்த சாப்பாடு. வெள்ளைச் சோறு, மீன், முட்டை, பாண் சரி. குரக்கன், கீரை, வல்லாரைச் சம்பல், விதையுள்ள கொய்யா, தக்காளி, தேங்காய்ப்பூ வேண்டாம். இரும்பு மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், அது குடலில் கறுப்பாகப் படியும். முதல்நாள் முழுக்கத் தெளிந்த திரவம் மட்டும்: பிளேன் டீ, வழுக்கை இல்லாத இளநீர், வடித்த சூப், கஞ்சித் தெளிவு. நெக்டோ சோடா குடிக்காதீர்கள். அந்தச் சிவப்பு குடலில் இரத்தம் போலவே தெரியும்.

பேதி மருந்து தூளாகத் தருவார்கள். தண்ணீரில் கரைத்துப் பகுதி பகுதியாகக் குடிக்க வேண்டும். பாதியை முதல்நாள் மாலையும் மீதியை அன்று அதிகாலையும் குடிக்கச் சொன்னால் அப்படியே செய்யுங்கள், அலுப்பில் எல்லாவற்றையும் முதல்நாளே முடித்துவிடாதீர்கள். குளிரவைத்துக் குடித்தால் கொஞ்சம் இறங்கும். கடைசியில் போவது தெளிந்த மஞ்சள் தண்ணீராக இருக்க வேண்டும். மலசலகூடம் வளவின் கடைசியில் உள்ள வீடு என்றால், வயதானவரை அன்றிரவு தனியே நடக்க விடாதீர்கள். வாளியில் தண்ணீர், டோர்ச், மாற்றுச் சாரம் எல்லாம் பக்கத்தில் இருக்கட்டும். கிட்னி வருத்தம், இதய வருத்தம், சுகருக்கு ஊசி, இரத்தம் உறையாத மருந்து, இவற்றில் எது இருந்தாலும் திகதி எடுக்கும்போதே சொல்ல வேண்டும். எல்லாப் பேதி மருந்தும் எல்லாருக்கும் பொருந்தாது. இன்சுலின் அளவை நீங்களாக மாற்றவும் வேண்டாம். நோன்பு மாதத்தில் திகதி விழுந்தால் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

அன்றைக்கு மயக்கம் தரும் ஊசி போடுவார்கள், ஆகவே கூட ஒருவர் வர வேண்டும். திரும்பும்போது மோட்டார் சைக்கிள் ஓட்டக் கூடாது. ஸ்கோப் அரை மணித்தியாலம் அளவில் முடிந்துவிடும். குடலில் துளை விழும் ஆபத்து ஆயிரத்தில் ஒருவர் அளவு அல்லது அதிலும் குறைவு. முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு கடும் வயிற்றுவலி, காய்ச்சல், நிறைய இரத்தப்போக்கு என்றால் உடனே திரும்பிப் போங்கள்.

நெகட்டிவ் வந்தவர்களுக்கு

ஒரு தடவை ஃபிட் செய்தால், நூறு புற்றுநோயில் எண்பது அளவைப் பிடிக்கும். மிச்சம் தப்பிப்போகும். பெரிய பொலிப்களில் தப்புவதே அதிகம். அதனால்தான் வருடந்தோறும், குறைந்தது இரண்டு வருடத்துக்கு ஒரு தடவையாவது. பிறந்தநாள் மாதத்தில் செய்வது என்று வைத்துக்கொண்டால் மறக்காது. நடுவில் இரத்தம் கண்டாலோ வழக்கம் மாறினாலோ அந்த நெகட்டிவ் ரிப்போர்ட்டை மறந்துவிட்டு வைத்தியரிடம் போங்கள். பெட்டிக்குள் பத்திரமாக வைத்த பழைய நெகட்டிவ் ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டி, "எனக்குத்தான் இல்லையே" என்று இரத்தத்தோடு மூன்று மாதம் இருந்தவரை நான் பார்த்திருக்கிறேன்.

ஸ்கோப் முடிந்தவர்களுக்கு ஒன்று

பொலிப் எடுத்தால் அதைப் பயொப்சிக்கு, அதாவது நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்க்கும் பரிசோதனைக்கு, அனுப்புவார்கள். அந்த ரிப்போர்ட் அன்றே வராது, வாரக்கணக்கில் ஆகலாம். "எடுத்தாச்சு, சுகம்" என்று பலர் அதைத் தேடிப் போவதே இல்லை. எந்த வகைப் பொலிப், முழுதாக வந்துவிட்டதா, அடுத்த ஸ்கோப் எப்போது என்பதெல்லாம் அந்தத் தாளில்தான் இருக்கும். பயொப்சி இலக்கத்தைக் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் அன்றைக்கே எழுதி வாங்குங்கள்.

ஆசிரியை மாமிக்கு இரண்டு பொலிப் எடுத்தார்கள். பயொப்சி இலக்கத்தை அவர் சிவப்புப் பேனையால் எழுதி, கீழே கோடும் போட்டுக் கொண்டுவந்து காட்டினார்.